காற்றைத் துணைகொண்ட கலம்

செவ்வாய்க் கிரகத்தை அடையும் விண்கலம் அங்கேயே தங்க வேண்டுமானால், தன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். எஞ்சினை எதிர்த்திசையில் இயக்கினால் வேகம் குறையும். ஆனால் அதற்கான எரிபொருளைப் பூமியிலிருந்தே சுமந்து செல்ல நேரும். சுமை கூடினால் ராக்கெட்டும் பெரிதாக வேண்டும், செலவும் பெருகும். இந்தச் சங்கடத்துக்கு விஞ்ஞானிகள் நாடிய துணை, அக்கிரகத்தின் காற்றேயாகும்.

1993ஆம் ஆண்டில் வெள்ளிக் கிரகத்தைச் சுற்றிவந்த மகெல்லன் கலம் இம்முறையில் தன் பாதையைச் சுமார் 70 நாட்களில் சுருக்கிக் கொண்டது. அதன் முக்கியப் பணி அதற்குள் முடிந்திருந்தது. ஆதலால்தான் அத்தனை துணிவு வந்தது என்று நாம் கருதலாம்.

'மார்ஸ் குளோபல் சர்வேயர்' கலத்தின் நிலை வேறு. அதன் திட்டமே காற்றை நம்பி வகுக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து 1996 நவம்பர் 7ஆம் தேதி அது புறப்பட்டது. சூரிய ஒளியை மின்சாரமாக்கும் அதன் பலகைகளே காற்றைத் தடுக்கும் சிறகுகளாகவும் உதவ வேண்டும். அவற்றுள் ஒன்று விரியும்போது ஓர் உறுப்பு முறிந்தது. பலகை தன் இடத்தில் பூட்டிக்கொள்ளவில்லை. பட்டறையிலே நேர்ந்திருந்தால் ஒரு கொல்லன் ஒரு பொழுதில் சீர் செய்திருப்பான்!

1997 செப்டம்பரில் எஞ்சின் சுமார் 22 நிமிஷம் எரிந்து, கலத்தைச் செவ்வாயின் பிடியில் சேர்த்தது. நீண்ட பாதையில் ஒரு சுற்றுக்கு 45 மணி நேரம் ஆயிற்று. பாதையின் தாழ்ந்த முனையில் கலம் மெல்லிய காற்றுக்குள் புகுந்து எழும். ஒவ்வொரு முறையும் சிறிது வேகம் குன்ற, உயர்ந்த முனை படிப்படியாகக் கீழே இறங்கி வரும். அக்டோபரில் காற்று எதிர்பார்த்ததைவிட அடர்ந்துவிட்டது. ஊனமுற்ற பலகை வரம்பு கடந்து வளைந்தது. கலத்தைக் காற்றுக்கு மேலே உயர்த்திவிட்டு, பொறியாளர்கள் பல நாட்கள் ஆராய்ந்தார்கள்.

நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். ஆனால் மிக மென்மையாக. அம்மாதமே புழுதிப் புயல் ஒன்று எழுந்து மேற்காற்றை அடர்த்தியாக்கிற்று. சில மாதங்களில் முடிய வேண்டிய வேலை 1999 பிப்ரவரிவரை நீண்டது. ஒரு சுற்று ஏறக்குறைய 2 மணி நேரமாகக் குறைந்தபின், மார்ச்சில் படமெடுக்கும் பணி தொடங்கியது. திட்டமிட்டதற்கு ஓராண்டு தாமதம்.

தாமதத்திலும் ஒரு லாபம் இருந்தது. மேற்பரப்புக்குச் சுமார் 110 கிலோமீட்டர் உயரம்வரை பன்முறை தாழ்ந்து பறந்த அந்த நாட்களில், செவ்வாயின் பழம்பாறைகளில் உறைந்து கிடந்த காந்தத்தைக் கலத்தின் கருவி கண்டறிந்தது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துப் பாதையிலிருந்து நோக்கியிருந்தால் அது அத்தனை தெளிவாகப் புலப்பட்டிராது.