ஏட்டில் ஏறிய குதிரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோருக்குப் புதுச்சேரி மண் கனகசெட்டிக்குளத்தில் முடிந்துவிடும். அப்பால் தமிழ்நாடு. கடலும் மணலும் பேச்சும் இருபுறமும் ஒன்றே. வேறுபடுவது ஏடு மட்டும். 1962இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதங்களுக்குள் எழுதித் தரவேண்டும் என்றனர். அன்று யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பதைப் பாட்டனாரின் பிறப்புப் பதிவோடு சேர்த்துப் பேரர்கள் தேடி அலைவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே குதிரைகளின் வம்சப் பதிவேடுகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அது நமக்கு அந்நிய விஷயமாகப் படவில்லை.

இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகளுக்கு 1791இல் ஜேம்ஸ் வெதர்பி பதிவேடு தொடங்கினார. தரோபிரெட் எனப்படும் அவ்வினத்தின் தந்தைவழி மூன்றே குதிரைகளில் சென்று முடிகிறது. மூன்றும் கீழைத்தேயத்திலிருந்து போனவை. தூய ஆங்கில இரத்தம் என்று கொண்டாடப்பட்டதன் மூலம் இதுதான்! 1913இல் ஜெர்சி விதி வந்தது. முன்னோர் அனைவரும் பழைய தொகுதிகளில் இருந்தாலன்றிப் புதுக் குதிரைக்கு இடமில்லை. அமெரிக்கக் குதிரைகள் பெரும்பாலானவை ஒரே நாளில் கலப்பினமாயின. 1948இல் பிரான்சில் பிறந்த மை பாபு என்ற குதிரை, பரோடா மகாராஜாவுக்காக ஓடி, இங்கிலாந்தின் தலையாய பந்தயமொன்றை வென்றது. ஏட்டின்படி அது தூய குதிரையே அல்ல. அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்திவிட்டனர்.

நம் நாட்டு மார்வாரிக் குதிரையின் கதை வேறு. நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகளே அதன் அடையாளம். 1930களில் அருகிப்போன இவ்வினத்தை ஜோத்பூர் மன்னர் உமைத் சிங் மீட்டார். சமஸ்தானங்கள் ஒழிந்தபின் பல குதிரைகள் கொல்லப்பட்டன, பல காயடிக்கப்பட்டன. அரசு ஏற்புடைய பதிவு 2009இல்தான் தொடங்கியது. பழைய ஏடு இல்லாததால் உடலை அளந்து, அங்க அடையாளங்களைக் குறித்து, எண்ணைக் குளிர்முறையில் பொறிக்கிறார்கள். ஆக, சோதிப்பவரின் கண்ணே முதல் பக்கத்தை எழுதுகிறது. ஏட்டை விரைந்து மூடினால் எஞ்சிய சில குதிரைகள் தமக்குள்ளேயே இணைந்து நலியும். திறந்தே வைத்தால் தரோபிரெட் கலப்பில் கரைந்துபோகும். இவ்விரண்டில் முன்னதே பெரிய ஆபத்து என்பது நம் கருத்து.

ஏடு வருவதற்கு முன்னும் தரம் பார்த்தார்கள், சுழியைக் கொண்டு. நகுலன் பெயரிலான அசுவ சாத்திரச் சுவடி தஞ்சை சரசுவதி மகாலில் உண்டு. கழுத்திலுள்ள நற்சுழிக்கு வடமொழியில் தேவமணி என்று பெயர். மார்வாரில் இன்றும், எண் பொறித்த குதிரையானாலும், வாங்க வருகிறவர் முதலில் கழுத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்.