கலையைச் சொல்லும் சொற்கள்

தோட்டத்துத் திருவிழாவுக்கும் பத்துமலைத் தைப்பூசத்துக்கும் குடும்பத்தோடு போய் வருகிறோம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். "எப்படியம்மா இருந்தது?" என்று பிள்ளையைக் கேட்டால், "அழகாக இருந்தது" என்பதோடு முடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் சொல்ல அதனிடம் சொல் இல்லை. ஆனால் தமிழில் அச்சொற்கள் நிறையவே உண்டு. அவற்றுள் சிலவற்றை இன்று காண்போம்.

முதற் கேள்வி, இது எதனால் ஆனது என்பது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவியது. இன்று நாம் காணும் ஐந்து நிலை இராஜகோபுரம், 1960களின் இறுதியில் தொடங்கிய திருப்பணியில் எழுந்தது. சுமார் 75 அடி உயரம். அதில் 228 உருவங்கள். அவை கல்லில் செதுக்கியவை அல்ல. செங்கல் கட்டுமானத்தின் மேல் சாந்து பூசி உருவம் எடுப்பதற்குச் சுதை வேலை என்று பெயர். முற்காலத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்தார்கள். இக்காலத்தில் சிமெண்டு கலக்கிறார்கள்.

உலோகத்தில் செய்தது படிமம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் செய்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். தட்டில் ஊற்றிய ரப்பர் பால் தட்டின் வடிவத்தை எடுப்பதுபோல, உலோகமும் மெழுகின் வடிவத்தை எடுக்கும். பிறகு மண் அச்சை உடைத்துவிடுவதால், ஓர் அச்சுக்கு ஒரு படிமந்தான்.

இரண்டாவது கேள்வி, சுற்றி வந்து பார்க்க முடியுமா என்பது. முடிந்தால் அது முழு உருவச் சிற்பம். பின்புறம் சுவரோடோ பாறையோடோ ஒட்டியிருந்தால் புடைப்புச் சிற்பம். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் பெரும்பாறை இதற்கு நல்ல உதாரணம். அதில் யானைகள் உண்டு. தவம் செய்யும் பூனையும் உண்டு!

மூன்றாவது, உருவம் எப்படி இருக்கிறது என்பது. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று. தலை, இடை, கால் மூன்றிலும் வளைந்து நின்றால் அது திரிபங்கம். உள்ளங்கையைக் காட்டி விரல்களை மேல்நோக்கி உயர்த்தினால் அபய முத்திரை; "அஞ்சாதே" என்பது பொருள். விரல்கள் கீழ்நோக்கித் தாழ்ந்தால் வரத முத்திரை. "கேட்டதைத் தருகிறேன்" என்பது பொருள்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கோயிலை இடம் மாற்றும்போது கற்சிலையையும் படிமத்தையும் தூக்கிச் செல்லலாம். சுதைச் சிற்பம் அப்படியன்று. அது கட்டடத்தின் உடம்போடு ஒட்டியது. சுவர் விழுந்தால் அதுவும் போயிற்று. பூச்சுக்குள் மறைவதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள், பிற்கால நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் பல நூறு ஆண்டுகள் மறைந்திருந்து, 1931இல்தான் வெளிப்பட்டன. நம் தோட்டத்துச் சுவருக்கு அத்தகைய நல்வாய்ப்பு கிடைக்குமென்று சொல்ல முடியுமா?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் கையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுங்கள். "எங்கள் கோயில் முனீஸ்வரர் சுதையால் ஆனவர், முழு உருவம், இருந்த கோலம், வலக்கையில் அரிவாள், உடல் நீல வண்ணம்" என்று எழுதச் சொல்லுங்கள். சிற்பம் செய்தவர் பெயர் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நினைவிருந்தால் அதையும் சேர்க்கட்டும். அந்த ஐந்தாறு வரிகள் நம் தோட்டத்தின் வரலாறு. திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன்னரே அவை எழுதப்பட வேண்டும்.