ஒட்டுப் போடுவதா, புதிதாய் நெய்வதா?

ஒரு கருவியிற் குறை தோன்றினால் அதனைத் திருத்திக்கொள்வதா, அன்றிக் கைவிட்டுப் புதியதொன்றை ஆக்குவதா என்னும் வினா மிகப் பழையது. மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இடந்தரும் திறந்த மூல மென்பொருளுலகில் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. அதற்கு வரலாறு தந்த விடையொன்றை இங்கு நோக்குவோம்.

இணையப் பக்கமொன்றை நாம் நாடும்போது, எங்கோ ஓரிடத்துள்ள கணினி அதனை எடுத்து அனுப்புகின்றது. அவ்வாறு அனுப்பும் மென்பொருளைச் சேவையகம் என்பர். 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிகுதியாக வழங்கிய சேவையகம், அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் றொப் மக்கூல் என்பவர் இயற்றியதாகும். 1994ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கவே, அதன் வளர்ச்சி தடைப்பட்டது. பயன்படுத்தியோரின் தேவைகளோ தடைப்படவில்லை. ஆங்காங்கே பலர் தத்தமக்கு நேர்ந்த குறைகளைத் தாமே திருத்திக்கொண்டனர். கிழிந்த ஆடைக்கு இடும் ஒட்டுகளைப் போன்ற அத்திருத்தங்கள், ஓரிடத்திற் சேராது சிதறிக் கிடந்தன.

1995ஆம் ஆண்டு பெப்ருவரியில், பிறயன் பெலன்டோர்ஃப், றோய் ஃபீல்டிங் முதலிய எண்மர் மின்னஞ்சல் வாயிலாக ஒன்றுகூடினர். புதியதொரு சேவையகம் இயற்ற அவர்கள் முனையவில்லை. பழையதன் 1.3ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, கிடைத்த ஒட்டுகளையெல்லாம் திரட்டித் தம் கணினிகளிற் சோதித்து, ஏப்பிரலில் வெளியிட்டனர். அதன் பெயர் அப்பாச்சி. 'ஒட்டுகள் நிறைந்தது' என்னும் சிலேடையும் ஆங்கிலச் செவிக்கு அப்பெயரில் ஒலித்தது.

ஆயின், ஒட்டின்மேல் ஒட்டு எத்துணைக் காலந் தாங்கும்? அவ்வெண்மருள் ஒருவரான றொபேட் தோ, உறுப்புகளை வேண்டியவாறு சேர்க்கவும் நீக்கவும் இடந்தரும் புதிய கட்டமைப்பொன்றை வகுத்தார். யூலையில் குழுவினர் அதனை ஏற்றனர். எனினும், அதுகாறுந் திரட்டிய பயன்களை விட்டுவிடாது அப்புதிய கட்டமைப்பினுட் சேர்த்தனர். பழைய சேவையகத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் அப்பாச்சியை எளிதில் அமர்த்தக்கூடியதாகவும் பேணினர். 1995 டிசெம்பர் 1ஆம் நாள் 1.0 பதிப்பு வெளிவந்தது. 1996இல் அதுவே உலகில் மிகுதியாக வழங்கும் சேவையகமாயிற்று.

இதனோடு நெற்ஸ்கேப் உலாவியின் வரலாற்றை ஒப்பிடலாம். 1998 மார்ச்சில் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே பழைய நிரலின் பெரும்பகுதியை ஒதுக்கிப் புதிதாக எழுதத் துணிந்தனர். மொசில்லா 1.0 வெளிவந்ததோ 2002 யூனில். இடைப்பட்ட காலத்தில் பயனாளரிற் பெரும்பாலோர் மைக்ரோசொவ்ற்றின் உலாவிக்கு மாறிவிட்டனர். அப்புதிய நிரலிலிருந்தே 2004இல் ஃபயர்பொக்ஸ் 1.0 தோன்றியமையால் அம்முயற்சி வீணென்று கூறுதற்கில்லை. ஆனால் அதற்கீந்த விலை பெரிது.

பழைய நிரலில் அழகற்றதாய்த் தோன்றும் வரி, யாரோ ஒருவருக்கு நேர்ந்த இடருக்குக் கண்ட தீர்வாக இருத்தல் கூடும். அதனை அறியாது அழிப்பவன், அவ்விடரை மீண்டும் வரவழைப்பான். புதிதாய் ஆக்குதல் தவறன்று. ஆக்க முனைவோர், பழையது எவருக்கு எவ்வாறு பயன்பட்டதென முதலிற் கற்று, அப்பயனைப் புதியதனுள்ளும் கொண்டுசெல்லல் வேண்டும். அப்பாச்சிக் குழுவினர் ஒட்டுப் போட்டுக் கற்றனர், கற்றபின்னரே நெய்தனர்.