விழுவதை மெதுவாக்கிய கப்பி

கையிலிருந்து விட்ட கல் முதல் நொடியிலேயே 4.9 மீட்டர் இறங்கிவிடும். பெரும்பாலான வகுப்பறைகளின் கூரை அவ்வளவு உயரமில்லை. 'டொப்' என்று சத்தம் கேட்கும். மாணவர்கள் அதற்குமேல் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவில் வேகம் எப்படிக் கூடியது என்று எப்படிக் காட்டுவது?

கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டை உருட்டி, ஒழுகிய தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். 1638-இல் வெளிவந்த நூலில் அதை விவரித்தும் இருக்கிறார். ஆனால் உருள்வது வேறு, விழுவது வேறு.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பாடம் நடத்திய ஜார்ஜ் அட்வுட் கப்பியைக் கையில் எடுத்தார். ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகளைப் பட்டு நூலின் இரு முனைகளிலும் தொங்கவிட்டால் அசையாமல் நிற்கும். ஒன்றின் மேல் ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்தால் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும். இழுப்பது அந்தத் துண்டின் எடை மட்டும். நகர வேண்டியதோ மொத்தச் சுமையும். கப்பி சுழலும் பங்கையும் சேர்த்து மொத்தம் 64 பங்கு, துண்டு அதில் 1 பங்கு என்றால், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 64-இல் ஒன்று. முதல் நொடியில் சுமார் 7.7 சென்டிமீட்டர்தான் இறங்கும். இரண்டு நொடி முடிவில் அதைப்போல் நான்கு மடங்கு, மூன்று நொடியில் ஒன்பது மடங்கு. பக்கத்தில் ஊசல் 'டிக்' என்னும்போதெல்லாம் அளவுகோலைப் பார்த்தால் போதும்.

உராய்வு இதைக் கெடுத்துவிடக் கூடாதே! கப்பியின் அச்சை அவர் துளையில் செருகவில்லை. நான்கு சிறு சக்கரங்களின் விளிம்புகள் மேல் கிடத்தினார். என்னை வியக்கவைப்பது இன்னொன்று. வழியில் ஒரு வளையம் இருக்கும். குண்டு அதற்குள் நுழைந்து போய்விடும். நீளமான அந்தத் துண்டு மட்டும் வளையத்தில் தங்கிவிடும். இழுக்க ஆளில்லை, ஆனாலும் குண்டு நிற்காது, அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். நியூட்டனின் முதல் விதியைக் கண்ணால் பார்க்கலாம்.

மகெல்லன் என்ற போர்ச்சுகீசிய அறிஞர் 1780-இலேயே இந்தக் கருவியைப் பற்றி எழுதினார். அட்வுட்டின் சொந்த நூல் 1784-இல் வந்தது. அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான இளைய வில்லியம் பிட்.

இன்று நம் பதினோராம் வகுப்பில் கப்பியும் இரு நிறைகளும் கணக்காக மட்டுமே வருகின்றன. கண்ணுக்குக் காட்டப் பிறந்த கருவி, சூத்திரமாகச் சுருங்கிவிட்டது வருத்தமானது.

ஆசிரியர்களே, நன்றாகச் சுழலும் ஒரு கப்பி, நூல், தலா அரை லிட்டர் தண்ணீர் பிடித்த இரண்டு பாட்டில்கள் போதும். ஒன்றில் 50 கிராம் கூடுதலாக ஊற்றுங்கள். ஒரு மீட்டர் இறங்க இரண்டு நொடிக்குச் சற்று அதிகமாகும். கால் மீட்டருக்கு அதில் பாதி நேரம். உராய்வு கொஞ்சம் தாமதமாக்கினாலும் இந்தப் பாதிக் கணக்கு மாறாது. கைப்பேசியில் நேரத்தைப் பிள்ளைகளே அளக்கட்டும். சூத்திரத்தை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதுங்கள்.