நிற்கத் தெரிந்த ஓட்டம்: காராவின் செல்லில் நகர்வும் காயச்சுவரும்

காரா, நிட்டெல்லா ஆகிய நன்னீர்ப் பாசிகளின் கணுவிடைச் செல் ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர் நீளம் வளரக்கூடியது. 1774இல் இத்தாலியரான பொனவெந்தூரா கோர்த்தி விவரித்த சைட்டோபிளாச ஓட்டத்தைப் பாடநூல்கள் சத்துகளைச் சுமந்து கலக்கும் ஏற்பாடாக மட்டுமே காட்டுகின்றன. காயம் ஆறுவது அவற்றில் வேறொரு கதை. இரண்டும் ஆக்டின் என்னும் புரத இழைகளின் ஒரே அமைப்பின் இரு நிலைகள் என்பதும், காயம் ஆற அவ்விடத்து ஓட்டம் நின்றாக வேண்டும் என்பதும் என் வாதம்.

ஓட்டத்தின் தேவை எளிய கணக்கிலேயே தெரியும். சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறு ஐந்து சென்டிமீட்டரை விரவலால் மட்டும் கடக்க வாரக்கணக்கில் ஆகும். நொடிக்கு 70 மைக்ரோமீட்டர் வேகத்தில் ஓடும் சைட்டோபிளாசம் அதே தொலைவைப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். பசுங்கணிகங்கள் சுவரையொட்டி வரிசையாக அசையாமல் நிற்கின்றன. அவற்றின் உட்புறத்தில் ஆக்டின் கற்றைகள் தண்டவாளம்போல் கிடக்கின்றன. உந்துவிசை இந்த எல்லையில்தான் பிறக்கிறது என்று காமியாவும் குரோடாவும் 1956இல் கூறினர். மயோசின் என்னும் இயக்குப் புரதம் பூசிய மணிகள் நிட்டெல்லாவின் கற்றைகள்மீது ஓடியதை 1983இல் ஷீட்ஸும் ஸ்பூடிச்சும் காட்டினர்.

காயம் பட்டதும் கால்சியம் உள்ளே பாய்கிறது, அருகே ஓட்டம் நிற்கிறது. கற்றைகள் இருந்த இடத்தில் ஆக்டின் மெல்லிய வலையாகிறது. நெடுந்தொலைவு ஓடிக்கொண்டிருந்த நுண்பைகள் இப்போது அங்கேயே தடுமாறி அலைந்து, செல் சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதைக் கொட்டிக் காயச்சுவரை எழுப்புகின்றன. நேர்ப்பாதையில் விரைந்துகொண்டே இருக்கும் பை எந்த இடத்திலும் இறங்காது. எனவே இந்த ஒழுங்கின்மையைச் சிதைவு என்று கொள்வதை நான் ஏற்கவில்லை. அதுவே பழுதுபார்க்கும் வேலை.

நின்றால் போதுமா? போதாது. செல்லில் மின்தூண்டல் எழும்போதும் கால்சியம் சுமார் 0.2 மைக்ரோமோலாரிலிருந்து சில மைக்ரோமோலாருக்கு ஏறுகிறது, ஓட்டமும் நிற்கிறது. ஆனால் சில நிமிடங்களில் அது மீள்கிறது, சுவரும் எழுவதில்லை. மறுபுறம், துளையே இடாமல் கால்சியத்தை உள்ளே விடும் அயனோஃபோரைக் கொடுத்தாலும் சுவர்ப்படிவு தோன்றக்கூடும். ஆக, சுவர் எழத் துளை கட்டாயமில்லை, நிறுத்தம் மட்டும் போதுவதுமில்லை. கால்சியம் ஓரிடத்தில் நீடித்து ஆக்டினை மாற்றியமைக்கிறது என்பதே இவ்விரு கவனிப்புகளுக்கும் பொருந்தும் விளக்கம்.

வலுவான மறுப்பு கடற்பாசியான பிரையாப்சிஸிடமிருந்து வருகிறது. அதைக் கசக்கிக் கடல்நீரில் பிதுக்கினால், வெளியேறிய நுண்ணுறுப்புகள் திரண்டு, சில நிமிடங்களில் உறை பூண்டு, சவ்வும் பின்னர் சுவரும் கொண்ட புதுச் செல்களாகின்றன. தண்டவாளமும் இல்லை, நிறுத்த ஓட்டமும் இல்லை. ஆனால் அங்கே பழைய செல்லின் சுவர் அடைபடவில்லை, சிதறியவற்றிலிருந்து புதிய உயிர்கள் பிறக்கின்றன. ஆகவே என் வாதத்தை, தன் உடலைக் கைவிடாமல் காயத்தைச் சுவரெழுப்பி மூடும் செல்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.