ஓடுபாதையில் விலங்கு மோதல்

தரையிறங்கும் அல்லது மேலெழும் விமானம், ஓடுபாதையிலோ அதையொட்டிய வெளியிலோ பறவை, பாலூட்டி முதலியவற்றின்மேல் மோதும் நிகழ்ச்சி. பதிவான மோதல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பறவைகளோடு நேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை பகலில் நிகழ்பவை. நாற்கால் விலங்குகளின் பங்கு சொற்பமே. ஆயினும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் வேலியும் இல்லாத சிறு நிலையத்தில் இரவில் இறங்கும் விமானத்துக்கு அவைதாம் பெரிய இடர்.

இம்மோதலின் வரலாறு விமானத்தைவிட இரண்டு ஆண்டுகூட இளையது அன்று. 1905 செப்டம்பர் 7 அன்று, அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் டேட்டன் நகரருகே ஹஃப்மன் மேய்ச்சல் வெளியில் ஆர்வில் ரைட் வட்டமிட்டுப் பறந்தார். வேலி தாண்டிப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைக்கு மேலும் போய்வந்த அந்தப் பறப்பில் ஒரு பறவை அடிபட்டு மேல் இறக்கையில் விழுந்தது. விமானம் வெட்டித் திரும்பியபோது உதிர்ந்துபோனது. பறவைக் கூட்டத்தைத் துரத்தியவர் தாமே என்பதை அவர் நாட்குறிப்பில் மறைக்கவில்லை. ஆகவே முதல் மோதலில் குற்றம் பறவையுடையது அன்று. 1911இல் அமெரிக்காவைக் குறுக்காக வானில் கடந்து புகழ்பெற்ற கால்பிரெய்த் ராட்ஜர்ஸ், 1912 ஏப்ரல் 3 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச்சில் கடற்காகக் கூட்டத்துக்குள் புகுந்தபின் விழுந்து இறந்தார். பறவை மோதலால் நேர்ந்த முதல் மனித மரணமாக இது எண்ணப்படுகிறது. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் மேலெழுந்த லாக்ஹீட் எலக்ட்ரா விமானத்தின் எஞ்சின்களில் ஸ்டார்லிங் பறவைகள் சிக்கியதால் 62 பேர் மாண்டனர். ஸ்டார்லிங், மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பறவை. சிதைவில் கிடைத்த இறகுத் துணுக்குகளை ஆராய்ந்து இனத்தைச் சொன்னவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ராக்ஸி லேபோர்ன். இறகின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியில் பார்த்து இனம் காணும் துறை அவரிடமிருந்தே வளர்ந்தது.

பாலூட்டிகளில் முதலிடம் வட அமெரிக்க வெள்ளைவால் மானுக்கு. வேட்டையால் 1900 வாக்கில் ஐந்து இலட்சத்துக்கும் கீழே போயிருந்த இதன் தொகை, பாதுகாப்புச் சட்டங்களுக்குப் பின் இரண்டரைக் கோடியைத் தாண்டியது. அமெரிக்க மத்திய விமானத்துறை 1990 முதல் திரட்டிவரும் பதிவுகளின்படி, மான்மேல் மோதிய விமானங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் சேதமடைந்தன. தரைப் பாலூட்டிகளோடு நேரும் மோதல்களில் ஐந்தில் மூன்று இரவில் நிகழ்பவை. இணைசேரும் பருவமான அக்டோபர், நவம்பர் மாதங்களில் மான் மோதல் உச்சத்தில் இருக்கும். கட்டையாக வெட்டிய புல், நாற்புறமும் பார்வைக்குத் தடையில்லாத வெளி, வேட்டைக்காரர் வராத நிலம் என மானுக்கு வேண்டியவை எல்லாம் ஓடுபாதை ஓரத்தில் அமைந்துவிடுகின்றன. பகல் வெயிலை வாங்கிவைத்த தார்ப்பரப்பின் சூட்டுக்காகப் பக்கி போன்ற இரவுப் பறவைகளும் வந்து அமரும்.

செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் இறங்குகையில் விநாடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் விரைகிறது. அதன் முன்விளக்கு காட்டுவது சில நூறு அடி. எனவே கண்டதும் முடிவெடுக்க விமானிக்குக் கிடைப்பவை சில விநாடிகளே. சக்கரம் தரை தொட்டபின் மூக்கைத் தூக்கித் தாண்ட முயன்றால், வேகம் போதாமல் விமானம் தூக்குவிசை இழந்து விழும். சுழலி மானில் பட்டால் எஞ்சினையே பிரித்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் பல சிறு நிலையங்களில் விளக்குகளை ஏற்றுபவரும் விமானியே: வானொலிப் பொத்தானை ஐந்து விநாடிக்குள் 7 முறை அழுத்தினால் முழு ஒளி, 5 முறை அழுத்தினால் நடுத்தரம், 3 முறை அழுத்தினால் மங்கல். ஒளி வந்துவிடும், ஓடுபாதையை நடந்து பார்த்துச் சொல்ல ஆள் வரமாட்டார்.

முதலில் ஒருமுறை தாழப் பறந்து விலங்குகளை விரட்டிவிட்டு இறங்குவது விமானிகளின் வழக்கம். மான் ஓரப் புதருக்குள் ஒதுங்கி, விமானம் சுற்றிவருவதற்குள் திரும்பிவிடக்கூடும் என்பதால் இதன் பயன் குறைவு. வெடியோசைக்கும் அது விரைவில் பழகிவிடும். நம்பத்தக்க தடுப்பு வேலி ஒன்றே: முள்கம்பி பூட்டிய, 10 முதல் 12 அடி உயரமுள்ள கம்பிவலை. எட்டடியை மான் தாண்டிவிடும்.

இந்தியாவில் மானின் இடத்தில் காட்டுப்பன்றியும் மாடும் நாயும் வருகின்றன. 2014 நவம்பரில் சூரத்தில் மேலெழவிருந்த போயிங் 737 ஓர் எருமைமேல் மோதியது. 2015 டிசம்பர் 4 இரவு, காட்டையொட்டிய ஜபல்பூர் டும்னா நிலையத்தில் இறங்கிய கியூ400 சுழலி விமானம் பன்றிக் கூட்டத்தில் மோதி ஓடுபாதையை விட்டு விலகியது, உயிரிழப்பு இல்லை. இலங்கையில் 2013இல் யானைகளின் வழித்தடமருகே திறக்கப்பட்ட மத்தள நிலையத்தில், 2016 மார்ச்சில் முந்நூறுக்கும் மேற்பட்ட படையினரும் காவலரும் பட்டாசு கொளுத்தி விலங்குகளை விரட்டினர். நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்கறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடுத்த இந்திய விமான விதி (1937, விதி 91) பருந்தை மனத்தில் வைத்தது, பன்றியை அன்று.

விலங்குகளைக் கண்டறிய அண்மையில் வெப்ப உணர் கேமராக்களும் டிரோன்களும் சில பெரிய நிலையங்களில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.