பேயன்று, நோய்!

குமரி மாவட்டத்தில் மலையாள வாடை வீசும் மேற்குப் பகுதியினர் வெறிநாயைப் 'பேப்பட்டி' என்பர். தமிழிலும் 'பேய்நாய்' என்றொரு சொல் உண்டு. பேய் என்று பெயரிட்டபின் மருத்துவனுக்கு அங்கென்ன வேலை? மந்திரிப்பவனுக்கன்றோ அழைப்பு! கடிவாயில் சுண்ணாம்பு அப்பி, வேப்பிலை அடித்து, கயிறு கட்டி அனுப்பினான் அவன்.

"பலர் பிழைத்தனரே!" என்று வாதிடுவோர் இன்றும் உளர். பிழைத்தது மெய், மந்திரம் பிழைப்பித்தது என்பதே பொய். கடிக்கும் நாயெல்லாம் வெறிநாயன்று. வெறிநாயே கடித்தாலும் எல்லோரையும் நோய் பற்றுவதில்லை. பற்றினாலும், கிருமி நரம்பு வழியே ஊர்ந்து மூளையைச் சேர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலம் முழுவதும் மந்திரவாதிக்குப் புகழ்க்காலம்! தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நாள் வந்ததும், "விதி" என்று கைவிரிப்பான். அதன்பின் மருத்துவராலும் காப்பது அரிதினும் அரிது. ஊசிக்குரிய காலம் அந்த இடைக்காலமே. அதைத்தான் மூடநம்பிக்கை களவாடியது.

1885 சூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டர், ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தடுப்பு மருந்து செலுத்தத் தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். தென்னாட்டுக்கு அது வந்த கதை வேறு. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் வெள்ளை மங்கை வெறிநாய்க் கடியால் மாண்டார். மருத்துவம் இருந்த இடமோ இமயமலைச் சாரலில் உள்ள கசௌலி! அதன் பின்னரே, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் கொடையும் சேர, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நன்று. ஆனால் நாம் கேட்கிறோம்: அதற்குமுன் மாண்ட உழவர்களின் கணக்கு எந்த ஏட்டில் உள்ளது? நாஞ்சில் வயலில் கடியுண்ட கூலியாள் நீலகிரி ஏறுவதெப்படி?

அந்தத் தொலைவைக் குறைத்தது, 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆக்கிய மருந்து. கிருமி கொல்லப்பட்ட மருந்தாதலால் ஊர்தோறும் அனுப்ப முடிந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்தது. வயிற்றில் பல ஊசிகள். சிலருக்கு வாதமும் கண்டது. அந்த அச்சமும் மந்திரவாதிக்கு ஆள் சேர்த்தது என்பதை மறைப்பானேன்? இந்தியா அதைக் கைவிட 2005 வரை ஆயிற்று. இன்று கையில் போடும் ஊசி, அரசு மருத்துவமனையில் இலவசம்.

நோயின் ஊற்றோ விலங்குகளிடம். சுவிட்சர்லாந்தில் 1978 முதல் கோழித்தலைக்குள் மருந்து வைத்துக் காட்டில் இட்டு, நரிகளிடையே நோயை ஒடுக்கினர். நம் நாட்டில் மனிதருக்கு நோய் தருவது பெரும்பாலும் நாயே. நாய்களைக் கொன்று கொன்று பார்த்த சென்னை மாநகராட்சி, 1996-இல் அதை விட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. நூற்றுக்கு 70 நாய்களுக்குத் தவறாமல் ஊசி போட்டால் தொற்றுச் சங்கிலி அறும் என்கின்றனர் அறிவியலார். நாகர்கோவில் தெருக்களிலும் மலையடிவாரச் சிற்றூர்களிலும் அந்த 70 என்று நிறையும் என ஊராட்சிதோறும் கேட்பது நம் வேலை. கடியுண்டு வருபவரின் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே ஊசிக்கு அழைத்துச் செல்வதும் நம் வேலையே.